பட்டாளத்துக் காகிதத்தில் பாட்டி பெயர்: முன்னோரைத் தேட ஆரம்பிப்பவர்களுக்கு

ராணுவ ஆவணம் என்றதும் போர், பீரங்கி, பதக்கம் என்றுதான் மனசு போகும். கையில் எடுத்துப் படித்தால் அதில் நிறைய வீட்டு விவகாரம் இருக்கும். அப்பா பெயர், மனைவி பெயர், கிராமம், தாலுகா, தபால் ஆபீஸ், பக்கத்து ரயில் நிலையம், இடது முழங்காலில் ஒரு தழும்பு, கன்னத்தில் ஒரு மச்சம், சம்பளத்தில் ஊருக்கு யார் பேரில் பணம் போனது என்கிற விவரம். காரணம் ஒன்றும் பெரிதல்ல. சிப்பாய் ஓடிப்போனால் தேடிப் பிடிக்க வேண்டும். செத்துப்போனால் யாருக்குத் தந்தி அடிப்பது, யாருக்குப் பென்ஷன் கொடுப்பது என்று தெரிய வேண்டும். வேறு எவனாவது வந்து “நான்தான் அவன்” என்று பணம் வாங்கிக்கொண்டு போய்விடக் கூடாது. தன் காசைக் காப்பாற்றிக்கொள்ளப் பட்டாளம் எழுதி வைத்ததுதான் இன்று நமக்குக் குடும்ப வரலாறு.

நம் ஊர்ச் சாதாரணக் குடும்பங்களில் அந்தக் காலத்துப் பிறப்புச் சான்றிதழ் அபூர்வம். ஜாதகத்தைக் கரையான் தின்றிருக்கும். பத்திரம் இருந்தாலும் அதில் ஆண்கள் பெயர்தான். கொள்ளுப்பாட்டியின் பெயரை அரசாங்கம் எழுதி வைத்த ஒரே இடம் ராணுவக் கோப்பாக இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

பழைய சென்னை மாகாணத்திலிருந்து பிரிட்டிஷ் இந்தியப் படைக்குப் போனவர்களின் பேரன் பேத்திகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். “தாத்தா மிலிட்டரியில் இருந்தாராம்” என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது என்றாலும் பரவாயில்லை, அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

முதலில் வீட்டுப் பெட்டி

இணையத்தைத் திறப்பதற்கு முன் டிரங்குப் பெட்டியைத் திறங்கள். தேட வேண்டியது நான்கைந்து பொருள்கள்: டிஸ்சார்ஜ் புத்தகம் (பட்டாளத்திலிருந்து விலகும்போது கொடுப்பது), பென்ஷன் உத்தரவு, சீருடையில் எடுத்த போட்டோ, பழைய மணியார்டர் துண்டுகள், பதக்கம். உங்களுக்கு உடனடியாக வேண்டியது படை எண் (பட்டாளத்தில் அவருக்குக் கொடுத்த எண்), பிரிவு இரண்டும்தான். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் ஆயிரம் முனுசாமிகள் வந்து நிற்பார்கள். எண் இருந்தால் ஒரே ஆள்.

பதக்கத்தைப் பலர் பழைய நாணயம் என்று நினைத்து விபூதித் தட்டில் போட்டு வைத்திருப்பார்கள். அதன் முகத்தை விட விளிம்புதான் முக்கியம். முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்திலும் வெற்றிப் பதக்கத்திலும் விளிம்பைச் சுற்றி எண், பதவி, பெயர், பிரிவு என்று பொடி எழுத்தில் பொறித்திருக்கும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பெயர் பொறிக்காமலே பதக்கம் கொடுத்தார்கள். இந்தியப் படையினருக்குப் பெயர் பொறித்துக் கொடுத்தார்கள். ஆறு முனை நட்சத்திரமாக இருந்தால் பின்பக்கத்தைப் பாருங்கள். புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து மழுங்கிவிடும். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, மொபைலில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் படம் எடுங்கள். படிக்க முடியவில்லை என்றால் மெல்லிய காகிதத்தை விளிம்பில் சுற்றிப் பென்சிலால் லேசாகத் தடவினால் எழுத்து மேலே வரும்.

பதக்கத்தின் உலோகமும் பேசும். முதல் போரின் பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் வழக்கமாக வெள்ளி. பல வீடுகளில் அது உருகிக் கொலுசாகிவிட்டது, அது வேறு விஷயம். அதே பதக்கம் வெண்கலத்தில் இருந்தால், அவர் துப்பாக்கி தூக்கியவர் அல்ல, தொழிலாளர் படை மாதிரியான துணைப்பிரிவில் இருந்தவர் என்று பெரும்பாலும் கொள்ளலாம். இரண்டாம் போரின் நட்சத்திரங்களில் பர்மா, ஆப்பிரிக்கா, இத்தாலி என்று போர்முனையின் பெயரே இருக்கும். “எங்கேயோ வெளிநாடு போனார்” என்ற குடும்பக் கதைக்கு அங்கேயே ஒரு வரைபடம் கிடைத்துவிடும்.

பிரிவைக் கண்டுபிடித்தல்

பட்டாளத்துச் சொற்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சாப்பர் என்றால் பொறியாளர் படையின் சிப்பாய். நாயக், ஹவில்தார், ஜமேதார், சுபேதார் என்று பதவி ஏறும். சமையல், துணி வெளுப்பு, தண்ணீர் சுமப்பு, செருப்புத் தைப்பு என்று சேர்ந்தவர்களை ‘ஃபாலோயர்’ என்று தனியாகக் குறித்தார்கள். வீட்டில் எல்லோரையும் “மிலிட்டரிக்காரர்” என்றுதான் சொல்லியிருப்பார்கள். அதில் பொய் ஒன்றுமில்லை, குண்டு விழும்போது அது யாரையும் பதவி கேட்பதில்லை.

குடும்பக் கதையை இங்கேயே ஒருமுறை உரசிப் பார்த்துவிடலாம். மெட்ராஸ் ரெஜிமெண்டின் காலாட்படைப் பிரிவுகளை 1920களில் ஒவ்வொன்றாகக் கலைத்துவிட்டார்கள், 1941ல்தான் மறுபடி எழுப்பினார்கள். சாலை போடுவது மாதிரியான வேலையும் செய்த மெட்ராஸ் பயனியர்கள் என்ற பிரிவு 1933ல் கலைக்கப்பட்டது. அதனால் “1935ல் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தார்” என்று யாராவது சொன்னால், வருடம் தப்பாக இருக்கலாம் அல்லது அவர் சேர்ந்தது மெட்ராஸ் சாப்பர்ஸாக இருக்கலாம். 1780ல் ஆரம்பித்த சாப்பர்ஸ் மட்டும் இடைவெளி விடாமல் தொடர்ந்து வந்த பிரிவு, இன்றும் பெங்களூரில்தான் இருக்கிறது. இரண்டாம் போரில் நம் ஆட்கள் நிறையப் பேர் பொறியியல், போக்குவரத்து, மருத்துவம், சிக்னல்ஸ் (தகவல் தொடர்பு) பிரிவுகளுக்குப் போனார்கள் என்பதையும் ஞாபகத்தில் வையுங்கள். காலாட்படையிலேயே தேடிக்கொண்டிருந்தால் ஆள் கிடைக்க மாட்டார்.

பணியில் இருக்கும்போது இறந்தவர் என்றால்

இந்த வழி இலவசம், வீட்டிலிருந்தே செய்யலாம், பலன் பெரிது. 1917ல் ஆரம்பித்த காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இரண்டு உலகப் போர்களிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேரின் பதிவு இருக்கிறது. முதல் போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை, இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை என்று கணக்கு. போர்க்களத்தில் விழுந்தவர்கள் மட்டும்தான் இருப்பார்கள் என்று நினைத்துப் பலர் தேடாமலே விட்டுவிடுகிறார்கள். அப்படி இல்லை. மலேரியாவில் போனவர், லாரி கவிழ்ந்து போனவர், 1946ல் பெங்களூர் ஆஸ்பத்திரியில் கண்மூடியவர் என்று, அந்தக் காலகட்டத்தில் பணியில் இருந்து இறந்தவர்கள் எல்லாரும் கணக்கில் வருவார்கள்.

தேடும்போது சில பழக்கங்கள் வேண்டும். இந்தியர்களில் பலருக்கு ஒரே பெயர்தான் என்பதால் அதைக் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் போட்டிருப்பார்கள், முதல் பெயர் கட்டம் காலியாக இருக்கும். நீங்களும் அப்படியே போடுங்கள். இனிஷியல் போடாதீர்கள். பணியாற்றிய படை என்ற இடத்தில் இந்தியப் படை என்று தேர்ந்தெடுங்கள். பெயரை முழுசாக அடிக்காமல் முதல் நாலைந்து எழுத்தை மட்டும் கொடுத்துப் பாருங்கள். தமிழ் தெரியாத குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினான் என்பதுதான் இதில் அடிப்படை. முத்துசாமியில் வரும் ‘த்து’வுக்கு எச் எழுத்து இருக்கும் அல்லது இருக்காது, கடைசியில் ஐ அல்லது ஒய் வரும், ழகரம் எல் ஆகவும் இசட் ஆகவும் வரும், ஆரோக்கியசாமி பத்து விதமாக வருவார்.

இன்னொரு வழி எனக்கு இதைவிடப் பிடிக்கும். விரிவான தேடலில் ‘கூடுதல் தகவல்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் பெயருக்குப் பதிலாக ஊரைப் போடுங்கள். இரண்டாம் போர்ப் பதிவுகள் பலவற்றில் “இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இந்த ஊர், இந்த மாவட்டம்” என்று ஒரு வரி இருக்கும். கொள்ளுப்பாட்டி பெயர் பெரும்பாலும் அந்த ஒரு வரியில்தான் கிடைக்கும். ஆனால் மாவட்டத்தை அந்தக் காலத்து ஆங்கில எழுத்தில் போட வேண்டும்: டாஞ்சூர், ட்ரிச்சினாபொலி, டின்னவெல்லி, சிங்கிள்பட், நார்த் ஆர்காட். எல்லைகளும் வேறு. நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் சேலத்தில் இருப்பார்கள். ஈரோடு, திருப்பூர் கோயம்புத்தூரில். தேனியும் திண்டுக்கல்லும் மதுரையில். சிவகங்கை, விருதுநகர் ராம்நாட்டில். கன்னியாகுமரிக்காரர்கள் 1956 வரை திருவிதாங்கூர்க் கணக்கு. ஊர்ப் பெயர் கிடைக்கவில்லை என்றால் தபால் ஆபீஸ் இருந்த பக்கத்துப் பெரிய ஊரைப் போட்டுப் பாருங்கள்.

ஆள் கிடைத்துவிட்டால் பக்கத்தை மூடிவிடாதீர்கள். அதே பக்கத்தில் கல்லறைப் பதிவுத் தாள், நினைவுச் சின்னப் பட்டியல் போன்ற மூலத் தாள்களின் படங்களும் இருக்கும். ஒரே தாளில் முன்னும் பின்னும் இருக்கும் பெயர்களையும் படியுங்கள். அடுத்தடுத்த எண், அதே பிரிவு, அதே நாள் என்றால் அவர்கள் சேர்ந்தே போனவர்கள். சில சமயம் அதில் பக்கத்து ஊர்க்காரர் இருப்பார், அவர் குடும்பத்தில் உங்கள் தாத்தாவும் நிற்கும் குரூப் போட்டோ இருக்கலாம்.

நினைவிடத்தின் பெயர் முதலில் குழப்பும். இந்துச் சிப்பாய்களை எரித்தார்கள், அதனால் கல்லறை இருக்காது. இம்பால் மாதிரி இடங்களில் தகன நினைவுச் சின்னத்தில் பெயர் இருக்கும். உடல் கிடைக்காதவர்கள் என்றால் பர்மாவுக்கு ரங்கூன் நினைவுச் சின்னம், மலேயாவுக்குச் சிங்கப்பூர் கிராஞ்சி, முதல் போரில் பிரான்சுக்கு நெவ் ஷாப்பேல். ஊரிலேயே, நோயில் இறந்தவர் பெயர் டெல்லி, கராச்சி நினைவிடங்களின் கீழ் வரும். “எங்க தாத்தா கராச்சி போனதே இல்லையே” என்று பதிவை ஒதுக்கிவிடாதீர்கள். துணைக்கண்டத்துக்குள் பராமரிக்க முடியாமல் போன கல்லறைகளுக்கு ஒட்டுமொத்தமாக வைத்த இடம் அது. சென்னைக்காரர்களுக்கு நந்தம்பாக்கம் போர்க் கல்லறையே பக்கத்தில் இருக்கிறது. முதல் போருக்கான சென்னை நினைவுச் சின்னமும் அதே வளாகத்துக்குள்தான்.

தேதியைப் பார்த்து உடனே நம்ப வேண்டாம். சிங்கப்பூர் சரணடைந்தது 1942 பிப்ரவரி 15. ஏறக்குறைய 40,000 இந்தியப் படையினர் அங்கே கைதானார்கள். அந்தத் தேதியே இறந்த நாளாகப் போட்டிருந்தால், அது “அதற்குப் பிறகு ஆளைக் காணவில்லை” என்ற அர்த்தத்தில் இருக்கலாம். கைதிகளில் ஒரு பகுதியினரை ஜப்பானியர்கள் நியூ கினி, நியூ பிரிட்டன் தீவுகளுக்கு வேலைக்குக் கொண்டுபோனார்கள். சிங்கப்பூரில் காணாமல் போனதாக ஊர் நம்பிய ஆளின் பெயர் ரபவுல் பக்கத்து பிடா பாக்கா கல்லறையில் இருப்பது இப்படித்தான்.

திரும்பி வந்தவர் என்றால்

இதுதான் பொறுமை கேட்கும் வழி. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு ரெக்கார்ட் ஆபீஸ் உண்டு. சாப்பர்ஸுக்குப் பெங்களூர், மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரி வெலிங்டன், பீரங்கிப் படைக்கு நாசிக், சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், மருத்துவப் பிரிவுக்கு லக்னோ. அங்கே இருப்பது ஷீட் ரோல் என்ற பணிப் பதிவு. சேர்ந்த நாள், உயரம், அடையாளக் குறி, கைநாட்டு, மனைவி மக்கள் எல்லாம் அதில்தான். கல்யாணம், பிள்ளை பிறப்பு, லீவு, பதவி உயர்வு ஆகியவற்றைப் பார்ட் டூ ஆர்டர் என்ற அறிவிப்பாக வெளியிட்டு, அதைப் பார்த்துத்தான் இதில் ஏற்றுவார்கள்.

ஆனால் ஒரு கசப்பான விதி இருக்கிறது. பென்ஷன் இல்லாதவர்களின் பணிப் பதிவை 25 வருடம் வைத்திருந்து அழித்துவிடலாம். 1945ல் இந்தியப் படையில் சுமார் 25 லட்சம் பேர். போர் முடிந்ததும் பெரும்பாலானவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், குறைந்த வருடப் பணி என்பதால் பென்ஷன் கிடையாது. அந்தக் கோப்புகள் 1970களிலேயே போயிருக்கும். அதனால் கடிதம் எழுதும்போது “ஷீட் ரோல் நகல் வேண்டும்” என்று மட்டும் கேட்டால், “அழிக்கப்பட்டது” என்று ஒரு வரிப் பதில் வந்து விஷயம் முடிந்துவிடும். “அது இல்லையென்றால் லாங் ரோல் பதிவேட்டில் உள்ள விவரம் வேண்டும்” என்று அதே கடிதத்தில் சேர்த்துக் கேளுங்கள். லாங் ரோல் என்பது நிரந்தரமாக வைக்கும் பேரேடு. அதில் கதை இருக்காது, ஆனால் ஆளுக்கு ஒரு வரி இருக்கும்: எண், பெயர், சேர்ந்தது, விலகியது என்று.

கடிதத்தில் தாத்தா பெயர், அவர் அப்பா பெயர், எண், பிரிவு, தோராயமான வருடங்கள், அந்தக் காலத்து ஊர் விலாசம் எல்லாம் இருக்கட்டும். நீங்கள் அவருக்கு யார் என்பதற்கு வாரிசுச் சான்றிதழ் மாதிரி ஏதாவது நகல் இணையுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம், கட்டணம் 10 ரூபாய்தான். ஆனால் முதலில் சாதாரணக் கடிதம் போடுவது நல்லது என்பது என் அபிப்பிராயம். ரெக்கார்ட் ஆபீஸில் குமாஸ்தா ஒருவர் மனசு வைத்துப் பேரேட்டைப் புரட்டினால் கிடைப்பது, சட்டம் பேசினால் கிடைப்பதை விட அதிகமாக இருக்கும்.

பலரும் மறந்துவிடும் இன்னொரு இடம் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்கள் மனைவிமாருக்கும் தமிழ்நாட்டு அரசு மாத உதவித்தொகை கொடுத்து வந்திருக்கிறது. பாட்டி அதற்கு எப்போதாவது விண்ணப்பித்திருந்தால், டிஸ்சார்ஜ் விவரத்தோடு ஒரு கோப்பு உருவாகியிருக்கும். ராணுவம் அழித்ததன் நகல் கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் இருக்க வாய்ப்பு உண்டு. நேரில் போய்க் கேளுங்கள், போனில் இதெல்லாம் நடக்காது.

மலேயா, சிங்கப்பூர்ப் பக்கம் இருந்தவர் என்றால்

இந்திய தேசிய ராணுவத்தையும் சேர்த்துத் தேட வேண்டும். கைதான சிப்பாய்கள் மட்டுமல்ல, ரப்பர் தோட்டத்துத் தமிழர்களும் அதில் பெருவாரியாகச் சேர்ந்தார்கள், பெண்களின் ஜான்சி ராணிப் படையிலும் தோட்டத்துப் பெண்கள் இருந்தார்கள். டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் இது குறித்த கோப்புகள் உள்ளன. அதன் அபிலேக் படல் தளத்தில் பதிவு செய்துகொண்டு தேடலாம். போருக்குப் பின் திரும்பிய சிப்பாய்களைப் பிரிட்டிஷார் விசாரித்து வெள்ளை (பிரிட்டிஷாருக்கு விசுவாசமாக இருந்தவர்), சாம்பல் (இரண்டுங்கெட்டான்), கறுப்பு (தேசிய ராணுவத்தில் உறுதியாக இருந்தவர்) என்று தரம் பிரித்தார்கள் என்பது தெரிந்தால் அந்தக் கோப்புகள் படிக்கச் சுலபமாக இருக்கும். அப்புறம், வீட்டில் யாராவது தியாகி பென்ஷன் வாங்கினார்களா என்று கேளுங்கள். அந்த விண்ணப்பத்தோடு சிறை, முகாம் சான்றுகள் இணைத்திருப்பார்கள்.

முதல் போர் என்றால்

ஊரிலிருந்தே தொடங்கலாம். “இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் பெரும் போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள்” என்று 1914–1919 ஆண்டு போட்ட கல்வெட்டுகள் தமிழ்நாட்டில் பல ஊர்களில் இருக்கின்றன. பழைய பள்ளிக்கூடச் சுவர், சாவடி, மணிக்கூண்டு என்று பாருங்கள், சுண்ணாம்பு அடித்து மூடியிருக்கும். பெயர் இருக்காது, எண்ணிக்கைதான். ஆனாலும் அந்த எண்ணிக்கையை வைத்து ஊர்ப் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுக்கலாம்.

எதிரியிடம் பிடிபட்டவராக இருந்தால், சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கத்தின் முதல் போர்க் கைதிகள் அட்டைகள் இணையத்தில் இலவசம். லண்டன் கியூவில் உள்ள பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் படைப்பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள் இருக்கின்றன. அதில் சாதாரணச் சிப்பாயின் பெயரை எதிர்பார்க்காதீர்கள். பிரிவு எந்த நாளில் எங்கே இருந்தது என்பதற்குத்தான் அது உதவும். உதாரணமாக 63ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி என்ற காலாட்படைப் பிரிவு 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவில், இன்றைய தான்சானியாவின் டாங்காவில் இறங்கியது. கொள்ளுத்தாத்தா அந்தப் பிரிவு என்று தெரிந்துவிட்டால், அவர் பார்த்த கடற்கரை எது என்று நமக்கும் தெரிந்துவிடும். பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்கள் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கு அதிகம் பயன்படும், மற்றவர்கள் அங்கே ஆரம்பிக்க வேண்டாம்.

கிடைத்ததை எப்படி நம்புவது

என் கணக்கு இது: பட்டாளம் தானே அளந்ததை நம்பலாம், பட்டாளத்திடம் சொன்னதைச் சந்தேகப்படலாம், பணம் சம்பந்தப்பட்டதை ரொம்பவே நம்பலாம். உயரம், தழும்பு, மச்சம் எல்லாம் பார்த்து எழுதியது. வயது கேட்டு எழுதியது. பதினெட்டு என்று போட்டிருந்தால் பதினாறாகவும் இருக்கலாம், அதை வைத்துப் பிறந்த வருடத்தை முடிவு செய்யாதீர்கள். குடும்பப் பணம் யார் பேருக்குப் போனது என்பது மாதாமாதம் சரிபார்த்தது, அது தப்பாக இருந்தால் ஊரிலிருந்து புகார் வந்திருக்கும்.

அதனால்தான் அங்கே தெரியாத ஒரு பெண்ணின் பெயர் வந்தால் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. முதல் தாரமாக இருக்கலாம், பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயராக இருக்கலாம், கல்யாணத்துக்கு முன் அம்மாவோ அக்காவோ பெயரில் போட்டதை மாற்றாமல் விட்டிருக்கலாம். வகுப்பு, மதம் என்ற கட்டங்களும் அப்படித்தான். அந்தக் காலத்தில் வகுப்பு வாரியாகத்தான் ஆள் எடுத்தார்கள். வீட்டில் சொல்லும் ஜாதிக்கும் காகிதத்தில் உள்ளதற்கும் வித்தியாசம் வரலாம், கிறிஸ்தவப் பெயரில் சேர்ந்தவர் இந்துப் பெயரில் ஊர் திரும்பியிருக்கலாம். இந்த மாதிரி விஷயத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். விஷயம் தெரிந்த ஒரு பெரியவரிடம் தனியாக உட்கார்ந்து கேட்டால் பாதிக் கதை அவரே சொல்வார்.

சிவப்பு மையில் ஏதாவது எழுதியிருந்தால் தண்டனை என்று அர்த்தம். லீவு முடிந்து லேட்டாகத் திரும்பியதற்காக இருக்கலாம். அந்தத் தேதியைப் பார்ட் டூ ஆர்டர் தேதிகளோடு வைத்துப் பாருங்கள். பிள்ளை பிறந்த மாதமா, அப்பா செத்த மாதமா என்று அங்கேயே தெரியவரும்.

கடைசியாக ஒரு வேலை. கல்லறை ஆணையத்தின் பதிவில் பெயரோ ஊரோ தப்பாக இருந்தால் ஆதாரத்தோடு எழுதினால் திருத்துவார்கள். பதிவிலேயே வராமல் விடுபட்டவர்களையும் சான்று இருந்தால் சேர்க்கிறார்கள். ஆப்பிரிக்க, ஆசியப் படையினர் பலர் பெயரில்லாமல் விடப்பட்டார்கள் என்று 2021ல் ஆணையமே ஒரு அறிக்கையில் ஒப்புக்கொண்டது. இறப்புத் தந்தி, குடும்பப் பென்ஷன் உத்தரவு, பதக்கத்தின் படம் என்று கையில் இருப்பதை ஸ்கேன் செய்து அனுப்புங்கள். தந்தி ரோஸ் நிறக் காகிதத்தில் மங்கியிருந்தால் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்யாமல் கலரில் செய்யுங்கள், எண் தெளிவாகத் தெரியும்.